தலைவெட்டிக் கோயில்

ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் புழங்கிய சொற்களைத் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல் இருவர். அதில் ‘ஜாதூகர்’ என்றொரு பதிவு இருக்கிறது. மந்திரவாத வீடு என்று பொருள். வெள்ளைக்காரர் குடியிருந்த ஊர்களில், கதவைச் சாத்திக்கொண்டு ரகசியச் சடங்குகள் நடத்திய ஃப்ரீமேசன் என்னும் சங்கத்தார் கூடும் கட்டடத்துக்கு வடக்கே உள்ளூர் மக்கள் வைத்த பெயர் அது. பம்பாய்ப் பக்கம் அதையே ‘ஷைத்தான் கானா’, அதாவது பிசாசு வீடு, என்றார்களாம். பதிவின் கடைசி வரியில்தான் நமக்கு வேண்டிய செய்தி. தென்னிந்தியாவில் அந்தக் கட்டடத்தின் பெயர் ‘தலைவெட்டக் கோவில்’. சங்கத்தில் புதிதாகச் சேர வருபவரின் தலையை வெட்டி, மறுபடியும் ஒட்டவைப்பார்கள் என்று மக்கள் நம்பியதால் இந்தப் பெயர் வந்தது என்கிறது அகராதி.

தொகுத்த இருவரில் பர்னல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தார். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் அவரே. அகராதி அச்சேறுவதற்குள், 1882இல், காலமாகிவிட்டார். இந்தத் தமிழ்ப் பெயர் அவர் காதில் விழுந்து ஏட்டுக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ரோமன் எழுத்தில் ‘வெட்ட’ என்று பதிவாகியிருந்தாலும், தமிழ் வாய் அதைத் ‘தலைவெட்டி’ என்றோ ‘தலைவெட்டு’ என்றோதான் சொல்லியிருக்கும். விறகு வெட்டுகிறவர் விறகுவெட்டி, அதுபோலத் தலைவெட்டி. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரிலேயே ஒரு சாமி உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் ‘தலைவெட்டிக் கோயில்’ என்றே எழுதுகிறேன்.

ஜாதூகர், ஷைத்தான் கானா என்ற இரண்டு பெயர்களும் கதவு சாத்திய எந்த வீட்டுக்கும் பொருந்தும். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாவிட்டால் மந்திரம் என்போம், பிடிக்காவிட்டால் பிசாசு என்போம். தமிழ்ப் பெயர் அப்படிப் பொத்தாம்பொதுவாக இல்லை. ஒரு குறிப்பிட்ட உறுப்பையும் ஒரு குறிப்பிட்ட செயலையும் சொல்கிறது. வெட்டியது திரும்ப ஒட்டியது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இவ்வளவு துல்லியமான வதந்திக்கு ஏதோ ஒரு வேர் இருந்தே ஆக வேண்டும். அந்த வேரைத் தேடினால் ‘ஃப்ரீமேசன்’ என்ற பெயர் பிறந்த இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

கல்லில் பிறந்த பெயர்

‘ஃப்ரீ’ என்றால் சுதந்திரம், ‘மேசன்’ என்றால் கொத்தனார் என்று எடுத்துக்கொண்டு ‘சுதந்திரக் கொத்தனார்’ என மொழிபெயர்க்கத் தோன்றும். இரண்டு பாதியும் வழி தவறியவை.

1212இல் லண்டனில் கட்டடத் தொழிலாளருக்குக் கூலி வரையறுத்த ஒரு லத்தீன் ஆணை இருக்கிறது. அதில் ஒரு பிரிவினரை ‘சுதந்திரமான கற்களைச் செதுக்குவோர்’ என்று குறித்திருக்கிறார்கள். அங்கே சுதந்திரம் ஆளுக்கு வந்த அடைமொழி அல்ல, கல்லுக்கு வந்தது. பெரும் கொள்ளைநோயில் ஆட்கள் செத்துப்போய்க் கூலி ஏறியபோது, அதைக் கட்டுப்படுத்த இங்கிலாந்து அரசு சட்டம் போட்டது. 1350ஐ ஒட்டிய அந்தச் சட்டத்தின் பிரெஞ்சு வாசகமும் ‘சுதந்திரக் கல்லில் வேலை செய்யும் தலைமை மேசன்’ என்றே பேசுகிறது. சுண்ணாம்புக் கல்லிலும் மணற்கல்லிலும் ஒரு வகை உண்டு. மணிகள் சன்னமாக, அடுக்குத் தெரியாமல் இருக்கும். உளியை எந்தப் பக்கம் வைத்தாலும் பிளந்துகொள்ளாமல் சொன்னபடி கேட்கும். ஆங்கிலத்தில் இன்றைக்கும் அதற்கு ‘ஃப்ரீஸ்டோன்’ என்றுதான் பெயர். நார்மண்டியிலிருந்து கப்பலில் வந்த கான் கல்லும், உள்நாட்டுப் பாத் கல்லும், போர்ட்லண்ட் கல்லும் இந்த வகைதான். மாதாகோயில்களின் சன்னல் வளைவுகளையும் இலைப்பூ வேலைப்பாடுகளையும் தூண் தலைகளையும் அதில்தான் செதுக்கினார்கள். அந்தக் கல்லில் வேலை தெரிந்தவர் ஃப்ரீஸ்டோன் மேசன், சுருங்கி ஃப்ரீமேசன். கரடுமுரடான கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பியவருக்கு வேறு பெயர் இருந்தது: ரஃப்மேசன்.

தமிழருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் கொத்தனார் வேறு, கல்தச்சர் வேறு. கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரித்துச் சிலைக்கும் பீடத்துக்கும் ஒதுக்கும் சிற்பியின் வேலையைச் செங்கல்லும் கலவையும் கையாளும் கொத்தனார் தம் வேலையாகச் சொல்லமாட்டார். ஃப்ரீமேசன் என்ற பெயருக்கு நேர்ச்சொல் வேண்டுமானால் அது கல்தச்சர்தான்.

வேறு விளக்கங்களும் உண்டு. லண்டன் நகரத் தொழிற்சங்கத்தில் உரிமை பெற்றவர் என்பதால் ‘ஃப்ரீ’ என்பார் சிலர். அடிமைக் குடியில் பிறக்காதவர் என்பதால் என்பார் வேறு சிலர். பிரெஞ்சில் ‘ஃப்ரேர் மசோன்’, சகோதரக் கொத்தனார், என்பதன் திரிபு என்று ஒரு கூட்டம். எகிப்திய மொழியில் ஒளியின் பிள்ளைகள் என்று பொருள் காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஒலி ஒத்துப்போனால் போதும், உறவு கொண்டாடிவிடலாம் என்கிற சொல்லாராய்ச்சி நம் ஊரோடு நின்றுவிடவில்லை. நகர உரிமை என்ற பொருள் பிற்காலத்தில் உள்ளே நுழைந்து இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் மிகப் பழைய ஆவணங்கள் கல்லின் பக்கமே நிற்கின்றன.

‘மேசன்’ என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றாக முடிவாகவில்லை. பழைய பிரெஞ்சு ‘மஸோன்’ வழியாக வந்தது என்பது வரை தெளிவு. அதற்கு மேலே போனால், பிற்கால லத்தீனில் ‘மாக்கியோ’ என்று ஒரு சொல் நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டின் செவில் நகர ஆயர் இசிதோர் அதைச் சாரம், பொறி என்னும் பொருளுள்ள ‘மாக்கினா’வோடு சேர்த்தார். ஜெர்மானிய மொழிகளில் ‘செய்’ என்னும் வினையோடு சேர்ப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கையால் செய்கிறவர் என்பதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கொட்டகையும் கடவுச்சொல்லும்

தமிழில் லாட்ஜ் என்றால் அறை வாடகைக்குக் கிடைக்கும் விடுதி. ஃப்ரீமேசன்கள் தங்கள் கிளைச் சங்கத்தை லாட்ஜ் என்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: தற்காலிகக் குடில். மாதாகோயில் கட்ட ஐம்பது, நூறு வருடம் ஆகும். எழும்பும் சுவரை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, கல்தச்சர்கள் மழைக்கும் பனிக்கும் ஒதுங்கி அதற்குள் செதுக்கினார்கள். 1270களில் இங்கிலாந்தின் வேல் ராயல் மடம் எழும்பியபோது இப்படிக் கொட்டகை போட்ட கணக்கு இருக்கிறது. யார்க் மாதாகோயிலின் 1352ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் கொட்டகைக்கு வர வேண்டிய நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. லாட்ஜ் என்பது இவ்வளவுதான்: பட்டறை.

வேலை முடிந்ததும் இவர்கள் அடுத்த ஊருக்குப் போவார்கள். அங்கே போய் ‘நான் தொழில் கற்றவன்’ என்றால் யார் நம்புவது? ஸ்காட்லாந்தில் இதற்கு வழி கண்டார்கள். 1598இலும் 1599இலும் அரசரின் கட்டடப் பொறுப்பாளர் வில்லியம் ஷா கல்தச்சர் சங்கங்களுக்கு விதிகள் வகுத்தார். அவற்றில் ‘கவன்’ என்ற சொல் வருகிறது. முறையாகத் தொழில் பயிலாமல், சாந்து இல்லாமல் கல்லை அடுக்கி வேலி எழுப்புகிற ஆள் என்று பொருள். கவன்களோடு சேர்ந்து வேலை செய்யக்கூடாது என்பது விதி. முறையாகக் கற்றவரையும் கவனையும் பிரித்தறிய ஒரு ‘மேசன் சொல்’ இருந்தது என்று 1630களின் ஸ்காட்லாந்து எழுத்துகள் சொல்கின்றன. சொல், கைகொடுக்கும் முறை, நிற்கும் தோரணை: இவைதான் அவர்களுடைய ரகசியம். இன்றைய மொழியில் சொல்வதானால் அது தொழில் சான்றிதழ். காகிதத்தில் எழுதினால் களவு போகும். படிக்கவும் பலருக்குத் தெரியாது. அதனால் வாயிலும் கையிலும் வைத்திருந்தார்கள்.

பிறகு கல்லைத் தொடாதவர்கள் உள்ளே வந்தார்கள். 1641இல் ஸ்காட்லாந்துப் படையோடு நியூகாசிலில் முகாமிட்டிருந்த ராபர்ட் மரே சேர்க்கப்பட்டார். பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பழம்பொருள் ஆய்வாளர் எலியாஸ் ஆஷ்மோல், 1646 அக்டோபர் 16 அன்று வாரிங்டனில் தாம் ஃப்ரீமேசன் ஆக்கப்பட்டதை நாட்குறிப்பில் எழுதினார். இப்படி வந்தவர்களை ‘ஏற்றுக்கொள்ளப்பட்டவர்’ என்றார்கள். சங்கத்தின் முழுப் பெயரில் ‘சுதந்திரமான, ஏற்றுக்கொள்ளப்பட்ட மேசன்கள்’ என்று இன்றும் இருப்பது அந்தப் பழக்கத்தின் எச்சம். ஆனால் அசல் கல்தச்சர்களின் லண்டன் தொழிற்சங்கம் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் தன் பெயரிலிருந்த ‘ஃப்ரீ’யைக் கழற்றிப்போட்டுவிட்டு, வெறும் மேசன் சங்கம் ஆகிவிட்டது. கல் செதுக்கியவர்கள் விட்ட பெயரைச் செதுக்காதவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டன் செயின்ட் பால் மாதாகோயில் அருகே ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமைச் சங்கம் அமைத்தன என்பது அவர்களின் மரபு வரலாறு. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல் வந்தது.

தொழில் போனது, தொழிலின் சொற்கள் போகவில்லை. இந்தச் சங்கத்தின் குறியீடுகள் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும். மூலைமட்டம் நேர்மை ஆனது. கவராயம் ஆசைகளுக்கு வரம்பு கட்டும் கருவி ஆனது. ரசமட்டம் சமத்துவம், தூக்குக்குண்டு நிமிர்ந்த நடத்தை. கொட்டாப்புளி தலைவரின் மேசைக்கு வந்தது. உடம்பில் கல்துகள் படாமல் கட்டிய தோல், வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனாகி, பட்டும் ரிப்பனும் பெற்றது. லாட்ஜின் உள்ளே இரண்டு கல் வைப்பார்கள். ஒன்று செதுக்காதது, ஒன்று செதுக்கி முடித்தது. சேருவதற்கு முன்னும் பின்னும் ஒரு மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவை அடையாளம். ஃப்ரீமேசன் என்ற பெயரைக் கொடுத்த கல், பெயரின் பொருள் மறந்துபோன பிறகும் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் ஊர் சுற்றிய கதை

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பெயர் கடல் தாண்டியது. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃப்ராங்-மசோன்’ என்றார்கள். ஜெர்மானியர்கள் ‘ஃப்ரைமௌரர்’ என்றார்கள். சுதந்திரச் சுவர்கட்டி என்று பொருள். இத்தாலியர்களும் அதே வழியில் ‘லீபெரோ முராத்தோரே’ என்றார்கள். சுவர் கட்டாததால்தான் ஃப்ரீமேசன் என்று பெயர் வாங்கியவருக்குப் பக்கத்து மொழிகள் கரணையைக் கொடுத்துச் சுவர் கட்ட அனுப்பிவிட்டன. 1738 ஏப்ரலில் போப் பன்னிரண்டாம் கிளமெண்ட் இந்தச் சங்கத்தைத் தடைசெய்து ஆணை வெளியிட்டபோது, எந்தப் பெயர் சொல்லித் தப்பித்துவிடுவார்களோ என்று நினைத்தாரோ என்னவோ, இத்தாலியப் பெயர், பிரெஞ்சுப் பெயர் இரண்டையும் எழுதி, மற்ற மொழிகளில் வேறு எப்படி அழைத்தாலும் தடை உண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

கிழக்கே போகப் போகப் பெயரோடு பழியும் ஏறியது. ரஷ்ய மொழியில் அது ‘ஃபர்மசோன்’ ஆகி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்ற வசைச்சொல்லானது. புஷ்கினின் ‘எவ்கேனி அனேகின்’ காவியத்தில் பக்கத்து நிலக்கிழார்கள் கதாநாயகனை அப்படித்தான் ஏசுகிறார்கள். துருக்கியில் ‘ஃபர்மாசோன்’ என்றாலும் மதமற்றவர்தான். பாரசீகத்தில் நடந்தது இவற்றைவிடச் சுவையானது. அம்மொழியில் ‘ஃபராமோஷ்’ என்றால் மறதி. ஃப்ராமசோன் என்ற அயல் ஒலி ஃபராமோஷ் என்ற வீட்டு ஒலியோடு ஒட்டிக்கொண்டு, லாட்ஜ் ‘ஃபராமோஷ்கானா’, மறதி வீடு, ஆகிவிட்டது. உள்ளே போய் வந்தவரைக் கேட்டால் எதுவும் சொல்லமாட்டார். மறந்துவிட்டார் போல என்று விளக்கமும் அமைந்தது. 1850களின் இறுதியில் மல்கம் கான் தெஹ்ரானில் அரசியல் சீர்திருத்தத்துக்காக ஒரு சங்கம் தொடங்கியபோது அதற்கு ஃபராமோஷ்கானா என்றே பெயர். எந்த ஐரோப்பியத் தலைமைச் சங்கத்தின் கீழும் வராத அமைப்பு அது. மன்னர் நாசிருத்தீன் ஷா 1861இல் அதை மூடினார்.

பாரசீகம் காதால் பெயர் வைத்தது. வட இந்தியா கண்ணால் வைத்தது. இரவில் மட்டும் விளக்கெரியும் வீடு, சன்னல்களுக்குத் திரை, கையில் சின்னப் பெட்டியோடு வந்திறங்கும் துரைமார். ஜாதூகர் என்ற பெயர் ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. கிப்ளிங் 1886இல் லாகூர் லாட்ஜில் சேர்ந்தவர். வெளியே நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஷைத்தான் கானா என்ற பம்பாய்ப் பெயருக்கு ஐரோப்பாவிலேயே ஆதரவாளர் கிடைத்தார்கள். லியோ தக்ஸில் என்ற புனைபெயரில் எழுதிய கப்ரியேல் ஜோகான்-பாஜெஸ், 1885 முதல் ஃப்ரீமேசன்கள் சாத்தானைக் கும்பிடுவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதிக் குவித்தார். அவருடைய கூட்டாளி ‘டாக்டர் பத்தாய்’ என்ற பெயரில் வெளியிட்ட தொடரில் கதை இலங்கைக்கும் நம் புதுச்சேரிக்கும் வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் சாத்தான் வழிபாடு நடப்பதைக் கண்ணால் கண்டதாக டாக்டர் எழுதினார். கிறிஸ்தவ வாசகர்கள் பலர் நம்பினார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் கூட்டி, பன்னிரண்டு வருடமாகத் தான் எழுதியதெல்லாம் கட்டுக்கதை என்று தக்ஸில் தானே அறிவித்தார். ஃப்ரீமேசன் என்றதும் சாத்தான் என்று இன்றைக்குக் கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளில் பெரும்பகுதி இந்த மனிதரின் பொய்யிலிருந்து கிளைத்தவை. கதையைக் கட்டியவர் வாபஸ் வாங்கிய பிறகும் கதை திரும்பிப் போகவில்லை.

தலை எங்கே வெட்டுப்பட்டது

இனித் தமிழ்ப் பெயருக்கு வருவோம். லாட்ஜ் கூடும்போது சாத்திய கதவுக்கு வெளியே ஒருவர் உருவிய வாளோடு காவல் நிற்பார். ‘டைலர்’ என்று அவருக்குப் பெயர். கூரை ஓடு வேய்பவர் என்னும் பொருளுள்ள சொல்லோடு அதைச் சேர்ப்பது வழக்கம். கவன்களும் ஒட்டுக்கேட்பவர்களும் உள்ளே வராமல் பார்ப்பது அவர் வேலை. சென்னையிலோ திருச்சியிலோ துரைமாரின் பல்லக்குத் தூக்கிகளும் பட்லர்களும் வாசலில் காத்திருந்தபோது அவர்கள் கண்ணில் படக்கூடிய முதல் பொருள் இந்த வாள்தான்.

வாசலில் வாள்; உள்ளே? புதிதாகச் சேர வருபவரின் கண்ணைக் கட்டுவார்கள். கையிலுள்ள காசு, உலோகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சட்டையைத் திறந்து இடது மார்பு தெரிய விடுவார்கள். இடது காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டுவார்கள். ஒரு கால் செருப்பு சரியாக இருக்காது. கழுத்தில் சுருக்குக் கயிறு. உள்ளே அடியெடுத்து வைக்கும்போது மார்பில் கூரிய முனை ஒன்று படும். பிறகு மண்டியிட்டுச் சத்தியம். சத்தியத்தை மீறினால் தொண்டையை அறுத்து, நாக்கைப் பிடுங்கி, அலையடிக்கும் கடற்கரை மணலில் புதைக்கலாம் என்று அவரே சொல்ல வேண்டும். இது ரகசியமாக இருந்த காலம் மிகக் குறைவு. 1730இலேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்கு முழுவதையும் லண்டனில் சிறுநூலாக அச்சிட்டு விற்றுவிட்டார். அந்தத் தண்டனையின் அடையாளமாகக் கையைத் தொண்டைக்குக் குறுக்கே இழுப்பது, உறுப்பினர் படிப்படியாக ஏறும் நிலைகளில் முதல் நிலை மேசனின் சைகையாகவும் ஆனது. தொண்டைக்குக் குறுக்கே கை இழுத்தால் என்ன பொருள் என்று எந்தத் தமிழரிடமும் கேட்கலாம்.

வெட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒட்டவைத்தது எங்கே? அதற்கு மூன்றாம் நிலைச் சடங்கு இருக்கிறது. எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தின் தலைமைக் கலைஞர் ஹிராம் அபிஃப், மேசன் சொல்லைக் கேட்டு மிரட்டிய மூன்று பேரிடம் அதைச் சொல்ல மறுத்து, கடைசியில் நெற்றியில் அடிபட்டுச் சாகிறார் என்பது அந்தச் சடங்கின் கதை. சேருபவரே ஹிராமாக நிற்க வேண்டும். அவரை அடிப்பது போல் அடித்து, கீழே கிடத்தி, பிறகு கைபிடித்து எழுப்புகிறார்கள். தரையில் விரித்த சித்திரத்தில் சவப்பெட்டியும் மண்டையோடும் இருக்கும். ஹிராம் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. விவிலியத்தில் வரும் ஈராம், விதவையின் மகனான வெண்கலக் கலைஞர். அங்கே அவர் கொலையாவதில்லை. ‘அபிவ்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு ‘அவருடைய தந்தை’ என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் கவர்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதைப் பெயரின் ஒரு பகுதியாகவே விட்டுவைத்தது. பின்வந்த மொழிபெயர்ப்பாளர்கள் திருத்திக்கொண்டார்கள், ஃப்ரீமேசன்கள் திருத்திக்கொள்ளவில்லை. ஒரு மொழிபெயர்ப்பில் விட்டுப்போன சொல் ஒரு சடங்கின் நாயகனுக்குக் குடும்பப் பெயரானது.

ஆக, கழுத்தறுப்பு, தலையில் அடி, சாவு, மீண்டெழல் எல்லாமே சடங்கில் இருக்கின்றன. இரண்டு நிலைகளின் சடங்குகளை ஒன்றாக்கி, ‘தலையை வெட்டி ஒட்டவைக்கிறார்கள்’ என்று நம்மவர்கள் சுருக்கினார்கள். பணியாள் யாரோ பார்த்ததா, போதையில் துரை யாரோ உளறியதா என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. செய்தி வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்குப் பெயரே சாட்சி.

வந்த செய்தி இங்கே வேர்பிடித்ததற்கு மண்ணும் ஒரு காரணம் என்பது என் கருத்து. தலை கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் கொற்றவை காலடியில் ஒருவர் தன் தலையைத் தானே அரியும் கோலத்தில் இருக்கிறார். நவகண்டம், அரிகண்டம் என்று பெயர் சொல்லி, கழுத்தில் வாளை வைத்த வீரர் சிற்பங்கள் ஊர் எல்லைகளில் நிற்கின்றன. வாளும் கழுத்தும் சபதமும் சேர்ந்த இடம் நமக்குக் கோயில்தான். அதனால்தான் வடக்கே ‘வீடு’ என்றதை இங்கே ‘கோயில்’ என்றார்கள். ஃப்ரீமேசன்களும் தங்கள் கூடத்தை ஆங்கிலத்தில் கோயில் என்றே சொன்னது தற்செயலாகக்கூட இருக்கலாம். அதே சமயம் இப்படிப்பட்ட பெயர்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேலே சொன்ன சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் அதை ஏற்றுக்கொண்டது. பெயர் ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல.

சென்னையின் கோயில்

இங்கே இந்தச் சங்கத்தின் வரலாறு நீண்டது. சென்னையில் முதல் லாட்ஜ் 1752இல் அமைந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களின் நடுவில் திருச்சிராப்பள்ளி லாட்ஜில் சேர்ந்தார். இந்தியரில் முதல் ஃப்ரீமேசன் என்று அவரைச் சொல்வார்கள். லண்டன் தலைமைச் சங்கம் மகிழ்ந்துபோய் அலங்கரித்த ஏப்ரனையும் சட்டநூலையும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் நன்றி எழுதினார். 1786இல் தொடங்கிய ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ லாட்ஜ் 1839இல் கடற்கரையில் தனக்கென்று ஒரு ‘கோயில்’ எழுப்பியது. 1865இல் அதைக் காவல்துறை வாடகைக்கு எடுத்தது. 1874இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டது. மெரினாவில் இன்று தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடம் அதுதான். ஃப்ரீமேசன்கள் 1920களில் எழும்பூரில் எழுப்பிய தூண் வைத்த மண்டபம் இன்றும் அவர்கள் வசம் இருக்கிறது.

அவர்களுடைய ரகசிய நம்பிக்கைதான் என்ன என்ற கேள்விக்கு இந்திய அனுபவமே நேரான பதில் தருகிறது. ‘பேரண்டத்தின் மாபெரும் சிற்பி’ என்று ஒரு பரம்பொருளை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த மதம் என்று கேட்கமாட்டார்கள். முஸ்லிமும் பார்சியும் சேர இதில் தடையில்லை. பல தெய்வம் கும்பிடும் இந்துவைச் சேர்க்கலாமா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இழுபறி நடந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் பல வருடம் போராடி 1872இல்தான் உள்ளே போனார். பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரநாதர் 1884இல் கல்கத்தா லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார். இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சங்கம் 1961இல் அமைந்தது. இங்குள்ள லாட்ஜுகளில் உறுப்பினரின் மதத்துக்கேற்பக் கீதையும் குரானும் விவிலியமும் மேசைமேல் இருக்கும். கடவுளைப் பற்றிய நிபந்தனையையே 1877இல் எடுத்துவிட்ட பிரெஞ்சுத் தலைமைச் சங்கத்தோடு ஆங்கிலேயர் உறவை முறித்துக்கொண்டார்கள். சங்கம் முழுவதற்கும் பொதுவான மறைபொருள் தத்துவம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது. கழுத்தறுக்கும் தண்டனை வாசகத்தையும் இங்கிலாந்துத் தலைமைச் சங்கம் 1986இல் சத்தியத்திலிருந்து நீக்கிவிட்டது.

இந்தச் சங்கம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்ல வரவில்லை. காலனி ஆட்சியில் நீதிபதியும் வியாபாரியும் படைத்தலைவரும் கதவைச் சாத்திக்கொண்டு கூடினால், வெளியே இருப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். அந்தச் சந்தேகம் அதிகாரத்தைப் பற்றியது. அதைச் சாத்தானிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் கேட்க வேண்டிய கேள்வி தொலைந்துபோகும்.

பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. ஃப்ரீமேசன் என்ற சொந்தப் பெயரில் ரகசியம் எதுவும் இல்லை. அது ஒரு கல்லின் தரத்தைச் சொல்லும் தொழிற்பெயர். மறதி வீடு ஒலி மயக்கம். மந்திர வீடு ஊகம். பிசாசு வீடு வசை. வெளியார் வைத்த பெயர்களில் சடங்கின் உள்ளடக்கத்தைத் தொட்டது தலைவெட்டிக் கோயில் ஒன்றுதான். அதை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது ஓர் ஆங்கில அகராதி. உங்கள் ஊரில் பழைய லாட்ஜ் கட்டடம் இருந்தால், அதற்கு உங்கள் பாட்டன் காலத்தில் என்ன பெயர் என்று முதியவர்களைக் கேளுங்கள். சொன்னால், சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி வையுங்கள். அடுத்த அகராதியில் ஒரு வரியாவது தமிழர் எழுதியதாக இருக்கட்டும்.